பாரத் கட்டடத்துக்கு மறுபடியும் ஆள் குடிவரட்டும்!

சென்னை அண்ணா சாலையும் (அன்றைய மவுன்ட் ரோடு) ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடுகிற முனையில், மினார்களும் வளைவுகளும் தூண்வரிசையுமாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் ஏதோ ஒரு நவாப் கட்டிய அரண்மனை என்றுதான் தோன்றும். கட்டியவர் நவாப் அல்ல, மருந்து வியாபாரி. மவுன்ட் ரோடு வாசிகள் 'பாரத் பில்டிங்' என்று அழைத்த இந்தக் கட்டடத்தின் முதல் பெயர் கார்டைல் பில்டிங். கட்டப்பட்ட ஆண்டு 1897.

டபிள்யூ.இ. ஸ்மித் அண்ட் கோ என்ற நிறுவனம் தன் மருந்து வியாபாரத்துக்காக எழுப்பிய இடம் இது. மவுன்ட் ரோடு அப்போது வெள்ளைக்காரர்களின் கடைவீதியாக உருவெடுத்துக்கொண்டிருந்தது. 1895-ல் ஸ்பென்சர் நிறுவனம் தன் பிரம்மாண்டமான புதிய கடையைத் திறந்திருந்தது. அதே சாலையில் அதற்கு ஈடாக நிற்க வேண்டுமென்றால் சாதாரண கடை போதாது. ஸ்மித்தின் கட்டடத்தில் மருந்து விற்கும் கூடத்தோடு சோடா தயாரிக்கும் இடமும் இருந்தது.

அரசாங்கப் பாணியில் ஒரு கடை

இதை வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ், மதராஸ் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவர். 1892-ல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில், கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினுக்குத் துணையாகப் பணியாற்றியவர். இந்தோ - சாரசெனிக் என்று சொல்லப்படும் பாணி அவருக்குக் கைவந்தது. முகலாயக் குவிமாடம், இஸ்லாமிய வளைவு, இந்தியத் தூண், ஐரோப்பியத் தள அமைப்பு என எல்லாவற்றையும் கலந்து எடுத்த பாணி அது. மதராஸில் நீதிமன்றம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் போன்ற பொதுக் கட்டடங்களில்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. அதிகாரத்தின் கம்பீரத்தைக் காட்டிய அந்தப் பாணியை ஒரு தனியார் கடைக்குக் கொண்டுவந்ததுதான் இந்தக் கட்டடத்தின் தனித்தன்மை.

அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல இதன் தாழ்வாரங்கள். மேற்கூரைக்குக் கீழே நிழல் விழும் ஆழமான தாழ்வாரம், உயரமான உட்கூரை, தடித்த சுவர் ஆகியவைதான் மின்விசிறி வராத காலத்தில் ஒரு கட்டடத்தைக் குளிர்ச்சியாக வைத்தன. வெயில் நேரடியாகச் சுவரில் படாது. கடற்காற்று உள்ளே புகுந்து வெளியேறும். மருந்தும் கெடாது, வாங்க வருகிறவரும் வாடமாட்டார்.

கைமாறிய சாவிகள்

ஸ்மித் நிறுவனத்தின் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1920-களில் அது ஸ்பென்சரின் கைக்குப் போனது. 1934-ல் கட்டடத்தை பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாங்கியது. லாலா ஹர்கிஷன் லால் 1896-ல் லாகூரில் தொடங்கிய கம்பெனி அது. வெள்ளைக்காரர் கட்டிய மாளிகை சுதேசி முதலாளி ஒருவரின் நிறுவனத்துக்குச் சொந்தமானது மவுன்ட் ரோட்டின் வரலாற்றில் சின்ன விஷயம் அல்ல. பாரத் பில்டிங் என்ற புதிய பெயரே மக்கள் மத்தியில் நிலைத்தது.

பின்னர் அந்தக் கம்பெனி தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. பாலிசிதாரர்களின் பணம் கோடிக்கணக்கில் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதை 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் அம்பலப்படுத்தினார். வழக்கு நடந்தது, டால்மியா சிறை சென்றார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த ஊழல் வலுச்சேர்த்தது. 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல், 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. பாரத் இன்ஷூரன்ஸின் சொத்துகளோடு இந்தக் கட்டடமும் எல்.ஐ.சி.க்கு வந்து சேர்ந்தது.

அப்போது கூப்பிடு தூரத்தில் எல்.ஐ.சி.யின் பதினாலு மாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 1959-ல் அது திறக்கப்பட்டபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. பழைய கட்டடம் வாடகைக்கு விடப்பட்ட சொத்தாக மாறியது. பெருமை புதியதற்குப் போனது.

காலி செய்த பிறகு

பாரத் கட்டடத்தின் சிதைவுக்கு வயது மட்டுமே காரணம் அல்ல. அன்றைய சென்னையில் பரவலாக இருந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பாருங்கள். தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டி நாள்கணக்கில் இடித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மொட்டைமாடி நீர்த்தாரையைச் சுத்தம் செய்து, வெடிப்பை அடைத்துவந்தால் இந்தத் தளம் நூறாண்டு தாண்டும். ஆள் இல்லாத கட்டடத்தில் அந்த வேலையைச் செய்வதற்கு யாரும் இல்லை. தண்ணீர் தேங்குகிறது, சுவருக்குள் புதைந்த விட்டத்தின் நுனி உளுத்துப்போகிறது, காரையில் அரசமரக் கன்று வேர் விடுகிறது. ஓர் அறைக்காவது வாடகைக்காரர் இருந்தால், ஒழுகும் கூரையைப் பற்றிச் சண்டை போடவாவது ஒருவர் இருப்பார்.

குடியிருந்தவர்கள் வெளியேறி, 2006-ல் கட்டடத்தை இடிக்கும் வேலை தொடங்கியது. பாழடைந்து ஆபத்தான நிலையில் இருக்கிறது என்பது எல்.ஐ.சி. சொன்ன காரணம். பாரம்பரியச் சின்னங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. ஸ்டீபன்ஸ் உழைத்த நீதிமன்றக் கட்டடத்திலிருந்தே அவர் வடித்த இன்னொரு கட்டடத்துக்கு அபயம் கிடைத்தது.

ஆனால் இடிக்கக் கூடாது என்ற உத்தரவு, கூரையின் ஓட்டையை அடைத்துவிடாது. தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுகள் பல ஓடின. கட்டடம் பூட்டியே கிடந்தது. கடப்பாரை செய்ய இருந்ததை மழை நிதானமாகச் செய்துகொண்டிருக்கிறது.

வழி இருக்கிறது

பழைய கட்டடத்தைப் பழையபடி நிறுத்த முடியாது என்று சொல்பவர்களுக்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. 2012 ஜனவரியில் தீக்கிரையான சேப்பாக்கத்தின் கலச மஹாலை பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு மீட்டெடுத்தது. இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. இதே அண்ணா சாலையில் 1904-ல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம் இன்றும் புத்தகக் கடையாகவே இருக்கிறது. நாள்தோறும் கதவு திறக்கப்படுவதால் அது நிலைத்திருக்கிறது. ஸ்பென்சரின் 1895 கட்டடமோ 1983 தீவிபத்தில் அழிந்து, அந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது.

பாரத் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கிக் கயிறு கட்ட வேண்டியதில்லை. அது கடையாகப் பிறந்தது, கடையாகவே வாழலாம். கீழ்த்தளத்தில் கைத்தறி, புத்தகம், உணவகம், மேல்தளங்களில் அலுவலகங்கள். வரும் வாடகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். சுண்ணாம்புக் காரை அறிந்த கொத்தனார்கள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வேலை தொடங்க வேண்டும்.

எல்.ஐ.சி. பொதுமக்களின் பணத்தில் வளர்ந்த நிறுவனம். இதைப் படிக்கும் உங்களில் பலர் அதன் பாலிசிதாரர்கள். உங்கள் பிரீமியத்தைப் பத்திரமாகக் காக்கும் நிறுவனம், உங்கள் ஊரின் 1897-ஆம் ஆண்டுக் கட்டடத்தையும் காக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த பருவமழைக்கு முன் குறைந்தபட்சம் கூரையையாவது செப்பனிடச் சொல்லி எழுதுங்கள்.