கொள்கலங்களின் பிறப்பும் இறப்பும்

ஒரு மென்பொருளை, அஃது இயங்குதற்கு வேண்டுவனவற்றோடு ஒருங்கே பொதிந்து, ஏனையவற்றினின்றும் பிரித்து இயக்கும் அமைப்பைக் கண்டெய்னர் என்பர். ஈண்டு நாம் கொள்கலம் என்போம். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி இம்முறையை எங்கும் பரப்பிற்று.

சர்வரில் ஒரு கொள்கலம் ஆக்கப்படுதல், தொடங்குதல், மடிதல், நீக்கப்படுதல் ஆகியவற்றை 'டாக்கர் ஈவென்ட்ஸ்' என்னும் கட்டளை நிகழுந்தோறும் நேரத்தோடு அறிவிக்கும். மடிந்ததற்கு முடிவெண்ணும் உண்டு. 0 எனின், தன் வேலையை முடித்து ஓய்ந்தது. 137 எனின், வலிந்து கொல்லப்பட்டது. நினைவகம் போதாமை அதற்கு ஒரு காரணமாகலாம்.

இக்குறிப்பால் பயன் என்னை எனின், கூறுதும். மடிந்தவுடன் மீண்டும் தொடங்குமாறு பணிக்கப்பட்ட கொள்கலம், நாம் எட்டிப்பார்க்கும் வேளையில் பெரும்பாலும் உயிரோடிருப்பதாகவே தோன்றும். இரவில் அது பன்முறை மடிந்தெழுந்திருக்கலாம். அவ்விடைவெளிகளில் வந்தவர் விடை பெறாது மீண்டிருக்கலாம். எப்பொழுது, எத்தனை முறை, எம்முடிவெண்ணோடு மடிந்தது என்பதை நிகழ்ச்சிக் குறிப்பே வரிசையாகக் காட்டும். ஆயினும், கடந்தவற்றைக் கேட்பின், டாக்கர் கடைசி 256 நிகழ்ச்சிகளையே தரும். ஆதலின் அவற்றை உடனுக்குடன் வேறோரிடத்தில் எழுதிவைத்தல் இன்றியமையாதது.

விடிந்தபின் வந்து விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பவன் காவலனாகான். இரவெல்லாம் விழித்திருந்து, அஃது அணைந்த நாழிகையைக் குறிப்பவனே காவலனாவான்.