பேரவைச் செயலகத்திலிருந்து சம்மன் வந்தால்

ஓசூர் மூக்கண்டப்பள்ளி கம்பெனிகளுக்குக் கோர்ட் சம்மனும் லேபர் ஆபீஸ் நோட்டீஸும் பழகியவைதான். சட்டப்பேரவைச் செயலகத்திலிருந்து ஓர் உறை வந்தால்தான் கை நடுங்கும், அல்லது அது அப்படியே குப்பைக்குப் போகும். இரண்டுமே தப்பு.

பேரவைக் குழு ஆளையும் ஆவணத்தையும் வரவழைக்கலாம். காரணமின்றிப் போகாமலிருந்தால் அது அவை அவமதிப்பு. அமெரிக்காவில் நாடாளுமன்றக் குழுவின் சம்மனை மதிக்காத, டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் 2024-ல் நான்கு மாதம் சிறையிலிருந்தார். ஆனால் தண்டித்தது கோர்ட். நம்மூரில் புகார் சொல்வதும் விசாரிப்பதும் தண்டிப்பதும் அவையேதான். இந்த அதிகாரத்தைச் சட்டமியற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 194(3) பிரிவு. முழுமையாக வரையறுக்க எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை. ஆளுங்கட்சியானால் அது கைக்கு வசதி அல்லவா!

1987-ல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது தமிழகப் பேரவை. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டு, 1994-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் அடையாள இழப்பீடு வாங்கினார். 2003 நவம்பர் 7-ல் 'தி இந்து' பத்திரிகையாளர்களுக்கு 15 நாள் சிறை. அவர்களைத் தேடி தமிழகப் போலீஸ் பெங்களூரு வரை போனது. 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. எல்லைக்கு அப்பாலும் கதை வேறில்லை: 2017-ல் கர்நாடகப் பேரவை இரண்டு பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓராண்டு சிறை விதித்தது.

சம்மன் விஷயத்தில் தெளிவு தருவது 2021 ஜூலை 8-ம் தேதித் தீர்ப்பு. டெல்லிக் கலவரம் பற்றி விசாரித்த டெல்லி சட்டப்பேரவைக் குழு, ஃபேஸ்புக் இந்தியா தலைவர் அஜித் மோகனை அழைத்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். அவை உறுப்பினர் அல்லாதவரையும் அழைக்கலாம், போய்த்தான் ஆகவேண்டும் என்றது கோர்ட். அதே சமயம், டெல்லி அரசின் கையில் இல்லாத போலீஸ், சட்டம் ஒழுங்கு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்றும் சொன்னது.

ஆகவே உறை வந்தால் எந்தக் குழு, எந்த விஷயம், என்ன ஆவணம் என்று பாருங்கள். தேதி ஒத்துவராவிட்டால் எழுத்தில் அவகாசம் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குழு வரம்பு மீறுவதாகத் தோன்றினால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நடைமுறைக் குறை மட்டும் காரணமாகாது, சாசன மீறலைக் காட்டவேண்டும். சிறையே விதித்தாலும், கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதும் விட்டுவிடுவதே மரபு. வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் மட்டுமல்ல, சிப்காட்டில் வேலைபார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும்.