வழக்குப் போடும் முன் நீதிமன்றக் கட்டணத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டாலும், சின்ன வெங்காயம் வாங்கிய வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தாலும், சிறுவாச்சூர்ப் பகுதி விவசாயிகள் கடைசியில் போய் நிற்பது பெரம்பலூர் நீதிமன்றத்தில்தான். 'நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட்டுக்கே கட்டணுமே' என்று தயங்குகிறீர்களா? அது பழைய கணக்கு.

நீதிமன்றக் கட்டணத்துக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1955-ல் வந்தது. அது 2017-ல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் மதிப்பின் பேரில் கட்டும் கட்டணம் 7.5 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைந்தது. வியாபாரி தர வேண்டியது 3 லட்சம் ரூபாய் என்றால், முன்பு கட்டணம் 22,500 ரூபாய். இப்போது 9,000 ரூபாய்.

நில வழக்கில், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* நிலம் என்னுடையது என்று அறிவித்து, சுவாதீனத்தையும் மீட்டுத் தர வேண்டும்: முழு மதிப்புக்கும் 3 சதவிகிதம், அதாவது 30,000 ரூபாய்.

* நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது. உரிமையை அறிவித்து, எதிராளி நுழையத் தடை வேண்டும்: பாதி மதிப்புக்கு மட்டும், 15,000 ரூபாய்.

* தடை உத்தரவு மட்டும் போதும்: பிராதில் அந்தப் பரிகாரத்துக்கு நீங்கள் குறிப்பிடும் மதிப்பின்படி.

* பாகப்பிரிவினை: நிலம் கூட்டு அனுபவத்தில் இருந்தால் நிர்ணயிக்கப்பட்ட சிறு தொகை, உங்களை வெளியேற்றிவிட்டிருந்தால் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்கு 3 சதவிகிதம்.

கட்டணம் குறைவு என்பதற்காகத் தடை உத்தரவு மட்டும் கேட்டுவிடாதீர்கள். எதிராளி உங்கள் உரிமையையே வலுவாக மறுத்தால், உரிமையை அறிவிக்கும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், பல வருடம் நடந்த வழக்கு அந்த ஒரு காரணத்தாலேயே தோற்கலாம்.

சந்தை மதிப்பு என்பது பிராது தாக்கல் செய்யும் நாளில் உள்ள மதிப்பு. பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் அதுவே முடிவானதல்ல. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் எதிராளி ஆட்சேபிப்பார். நீதிமன்றம் மீதியைக் கட்ட அவகாசம் தரும். அதற்குள் கட்டாவிட்டால் பிராது நிராகரிக்கப்படும். மறுபடி போடுவதற்குள் காலவரம்பு முடிந்துவிடலாம். கொடுத்த சரக்குக்கான பணத்தைக் கேட்க பொதுவாக 3 ஆண்டுகள்தான்.

வழக்கு நடக்கும்போது சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பணம் இல்லையே என்று உரிமையை விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

வக்கீலிடம் போகும்போது பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். 'என்ன பரிகாரம் கேட்கிறோம், எந்த மதிப்பில், எந்தப் பிரிவின்படி கட்டணம்?' என்று கேளுங்கள். பிராதின் கடைசியில் இந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.