ரம்பத்துக்குத் தலைக்கணக்கு தெரியாது

புது தில்லி: எது தொழிற்சாலை என்பதற்கு முக்கால் நூற்றாண்டாக இருந்துவந்த இலக்கணம் 2025 நவம்பர் 21-ஆம் தேதி மாறியது. மின்சாரத்தின் உதவியோடு 10 பேர் வேலை செய்தாலே அந்த இடம் தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்கள் முன்னரே இதை மாற்றிக்கொண்டன. அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 10 என்பதை 20 ஆக்கி நாடு முழுமைக்கும் பொதுவாக்கிவிட்டது.

தொழில் நடத்துவோரின் சுமையைக் குறைக்கும் சீர்திருத்தம் என்கிறது அரசு. தொழிலாளரின் பாதுகாப்பைக் கைகழுவும் செயல் என்கின்றன மத்தியத் தொழிற்சங்கங்கள். இந்த வாதப் பிரதிவாதங்களில் பெரிய ஆலைகள் பேசப்படும் அளவுக்குச் சிறிய மரப் பட்டறைகள் பேசப்படுவதில்லை. விரல்கள் துண்டாகும் இடங்களோ அவைதாம்.

கீர்த்தி நகரின் மறுபக்கம்

மேற்கு தில்லியில் உள்ள கீர்த்தி நகர், தலைநகரின் மரச் சந்தை. அறைகலன் சந்தையும் அதுவே. கண்ணாடி முகப்புடைய கடைகளில் கட்டில்களும் சோபாக்களும் அணிவகுத்து நிற்கும். அவற்றை உருவாக்கும் வேலை பின்புறத்துச் சந்துகளிலும் மாடிகளிலும் நடைபெறுகிறது. ஓரிடத்தில் மரம் அறுக்கப்படும், அடுத்த இடத்தில் இழைக்கப்படும், வேறோரிடத்தில் மெருகேற்றப்படும். ஒவ்வொரு பட்டறையிலும் சிலரே வேலை செய்கின்றனர். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் மிகுதி.

மரச் செதுக்கு வேலைக்குப் புகழ்பெற்ற உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலும் நிலைமை இதுதான். அங்கு வீடே பட்டறை. குடும்பமும் உறவுமே வேலையாட்கள். தில்லி, நொய்டா, குருகிராம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ பட்டறை என்று ஒன்றே கிடையாது. இரண்டு தச்சர்கள் கருவிகளோடு வந்து, வீட்டின் கூடத்திலேயே பிளைவுட் பலகைகளை அறுத்து அலமாரி செய்து கொடுத்துவிட்டுப் போகின்றனர்.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. உளியும் கைவாளும் இருந்த இடத்தை மின்கருவிகள் பிடித்துக்கொண்டன. கருவி மாறிய வேகத்தில் அதைக் கையாளும் பயிற்சி மாறவில்லை.

கை எப்படிப் போகிறது?

மேசையில் பொருத்தப்பட்ட வட்ட ரம்பம் ஒன்றின் விட்டம் 254 மில்லிமீட்டர் என்றும், அது நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கிறது என்றும் கொள்வோம். அதன் பல்முனையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர். அதாவது மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேல். ஆபத்தை உணர்ந்து மனிதன் கையை இழுத்துக்கொள்ளக் கால் விநாடியேனும் ஆகும். அதற்குள் 13 மீட்டர் நீளத்துக்குப் பற்கள் ஓடி முடிந்துவிடும். "பார்த்து, கவனமாக வேலை செய்" என்ற அறிவுரை இந்த வேகத்தின் முன் செல்லாக்காசு.

பலரும் நினைப்பதுபோல, கை வழுக்கி ரம்பத்தின் மீது விழுவதால் மட்டும் விபத்து நேர்வதில்லை. அறுபட்ட மரத்தின் இரு பகுதிகளும் ரம்பத்துக்குப் பின்னால் நெருங்கி அதைக் கவ்விக்கொள்வதுண்டு. மேல்நோக்கி எழும் பின்பக்கப் பற்கள் அப்போது மரத்தைத் தூக்கி, வேலை செய்பவரை நோக்கி எறிகின்றன. மரம் வயிற்றிலோ முகத்திலோ மோதுகிறது. மரத்தைப் பிடித்திருந்த கை, நிலை தவறி ரம்பத்தின் மேல் இழுக்கப்படுகிறது.

இதைத் தடுக்கும் பொருள் மிக எளியது. ரம்பத்துக்குப் பின்னால் அதே நேர்கோட்டில் நிற்கும் ஓர் இரும்புத் தகடு. பிளவு மூடிக்கொள்ளாதபடி அது காக்கிறது. இயந்திரத்தோடு வரும் இந்தத் தகடும் மேல்மூடியும் வேலைக்கு இடையூறு என்று முதலில் கழற்றி வைக்கப்படுபவை.

கல்லறுக்கும் கருவியால் மரவேலை

வட இந்தியக் கட்டுமான இடங்களில் சர்வசாதாரணமாகக் காணப்படும் இன்னொரு ஆபத்து "மார்பிள் கட்டர்". பெயருக்கேற்ப, சலவைக்கல்லும் தரை ஓடுகளும் அறுப்பதற்கென்று செய்யப்பட்ட கைக்கருவி இது. விலை குறைவு, எடை குறைவு என்பதால் பல் வைத்த வட்டத்தகடு ஒன்றை அதில் மாட்டி மரமும் பிளைவுட்டும் அறுக்கின்றனர். மரத்துக்கென்றே செய்யப்பட்ட கைவட்ட ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 5,000 முறை சுழலும். மார்பிள் கட்டரோ சுமார் 12,000 முறை. கைவட்ட ரம்பத்தை மரத்திலிருந்து எடுத்தவுடன் அதன் கீழ்மூடி தானாகவே வந்து பற்களை மறைத்துக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அத்தகைய மூடி இல்லை.

சில இடங்களில் இதே கருவியைத் தலைகீழாகப் பலகையின் அடியில் பொருத்தி, தகடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, மேசை ரம்பமாகவே பயன்படுத்துகின்றனர். மூடி இல்லை, பின்தகடு இல்லை, பலகைக்கு அடியில் இருக்கும் விசையை அவசரத்தில் எட்ட முடியாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இந்தச் சாமர்த்தியத்தின் விலை சில வேளைகளில் ஓர் உள்ளங்கை.

விதி இருந்தது, இடம் இல்லை

இவற்றையெல்லாம் சட்டம் அறியாமல் இல்லை. இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கெனத் தனி அட்டவணையே உண்டு. வட்ட ரம்பத்துக்குப் பின்னால் தகடு இருக்க வேண்டும். மேலே எளிதில் ஏற்றி இறக்கக்கூடிய மூடி இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் உள்ள பகுதியை இருபுறமும் தகடுகள் மறைக்க வேண்டும். மரத்தைத் தள்ளுவதற்குக் கோல் தர வேண்டும். கையால் மரம் செலுத்தும் இழைப்பு இயந்திரத்தில் வெட்டுத் தகடுகள் உருளை வடிவக் கட்டையில்தான் பொருத்தப்பட வேண்டும். நிறுத்தும் விசை வேலை செய்பவரின் கைக்கு எட்ட வேண்டும். பயிற்சி இல்லாதவரைத் தகுந்த மேற்பார்வையின்றி இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது.

ஒரு தச்சரே எழுதியதுபோல் நுணுக்கமான விதிகள். ஆனால் அவை தொழிற்சாலை என்ற வேலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை அன்றும் வெளியே நின்றது. இனி பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

10 பேர் இருந்தால் முதலாளியின் பொதுவான கடமைகள் புதிய சட்டத்திலும் பொருந்தும் என்பது உண்மை. ஆபத்தில்லாத பணியிடம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. எனினும் தொழிற்சாலைகளுக்குரிய தனி அத்தியாயமும் உரிமம், ஒப்புதல் போன்ற ஏற்பாடுகளும் 20 பேருக்கு மேல்தான். 10 பேருக்குக் குறைந்தால் பொதுக் கடமையும் இல்லை.

இதில் ஒரு விநோத முரண்பாடு உள்ளது. விபத்து இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம், மின்சக்தி கொண்டு உற்பத்தி நடைபெறும் இடத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பு எதையும் வைக்கவில்லை. அந்த ஏற்பாடு புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. விரல் போன பிறகு பணம் தரச் சொல்லும் சட்டம் தலையை எண்ணுவதில்லை. விரல் போகாமல் காக்க வேண்டிய சட்டம்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

விரலுக்கு விலை

அந்த இழப்பீட்டின் கணக்கு துல்லியமானது. கட்டை விரல் போனால் வருவாய் ஈட்டும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரல் முழுமையாகப் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம்.

25 வயதுத் தச்சர் ஒருவர் ஆள்காட்டி விரலை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரி முதல் கணக்கில் கொள்ளப்பட்ட உச்ச ஊதிய வரம்பு மாதம் ரூ.15,000. அதில் 60 சதவீதத்தை 25 வயதுக்குரிய காரணியான 216.91-ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் சுமார் ரூ.2.73 லட்சம் வருகிறது. அளவு கோடு போடவும் உளி பிடிக்கவும் அந்த விரலையே நம்பியிருந்தவருக்கு ஆயுள் முழுமைக்கும் சட்டம் தரும் தொகை இது.

இதைப் பெறுவதும் எளிதன்று. எந்தப் பட்டறையில், யாரிடம், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்பதை அவர் நிறுவ வேண்டும். நியமனக் கடிதமோ சம்பளப் பதிவேடோ இல்லாத இடத்தில் ஒப்பந்ததாரர் முதலாளியைக் காட்டுவார். முதலாளி ஒப்பந்ததாரரைக் காட்டுவார். முதலாளியின் வழக்கமான தொழிலுக்காக அமர்த்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்ற காலவரம்பு, சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட தொழிலாளிக்குத் தெரியாமலேயே கடந்துவிடுகிறது.

எண்ணப்படாத கைகள்

நாட்டின் தொழிற்சாலை விபத்துப் புள்ளிவிவரங்களை மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிற்சாலை ஆலோசனைத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் அனுப்பும், பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் கணக்கு அது. பதிவில்லாத பட்டறையில் போன விரல் அந்தக் கணக்கில் ஏறாது. தொழிற்சாலையின் இலக்கணம் சுருங்கினால் விபத்துகளின் எண்ணிக்கையும் காகிதத்தில் சுருங்கும்.

கணக்கெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தலைநகரின் அருகிலேயே சான்று உண்டு. குருகிராம், மானேசர் பகுதி வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களை "சேஃப் இன் இந்தியா" என்ற தன்னார்வ அமைப்பு பட்டியலிட்டு, 2019 முதல் அறிக்கைகளாக வெளியிட்டு வருகிறது. அதன் பிறகே பெரிய வாகன நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்கும் சிறிய பட்டறைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டன. மரப் பட்டறைகளுக்கு அப்படியொரு கணக்கு இல்லை.

மெல்லக் கொல்லும் தூசி

ரத்தம் சிந்தாத ஆபத்துகளும் உள்ளன. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியது. மூக்கிலும் அதையொட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் இது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் அம்முகமை 2004-ல் அதே வகையில் சேர்த்தது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்வது நுண்தூசியைத் தடுக்காது. தூசியை உறிஞ்சும் கருவியும், முகத்தோடு ஒட்டி நிற்கும் தரமான முகமூடியும் வேண்டும்.

இரைச்சலும் அப்படியே. 90 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், 100 டெசிபலில் 2 மணி நேரம் என்பது தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் எல்லை. வட்ட ரம்பம் எளிதில் 100 டெசிபலைத் தொடும். வேலையோ பொழுது சாயும்வரை நடக்கும்.

செலவில்லாத காப்பு

பாதுகாப்பு என்றால் பெரும் செலவு என்பது தவறான எண்ணம். தள்ளுகோலைக் கழிவு மரத்திலேயே செய்துகொள்ளலாம். கழற்றி வைத்த மூடியையும் பின்தகட்டையும் மீண்டும் மாட்ட ஒரு ரூபாயும் தேவையில்லை. தகடு மாற்றும் முன் விசையை அணைத்தால் மட்டும் போதாது. செருகியையே பிடுங்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துவது உயிர் காக்கும். சுழலும் ரம்பத்தின் அருகே கையுறை கூடாது. பல் அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் துண்டும் தளர்ந்த கைச்சட்டையும் அவ்வாறே.

விரல் துண்டானால் அதைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். பனிக்கட்டியில் நேரடியாகப் போட்டால் திசு கெட்டுவிடும். குளிர்நிலையில் பாதுகாத்து விரைந்து கொண்டுசென்றால் மீண்டும் பொருத்தும் வாய்ப்புண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை இக்கலையில் நாட்டுக்கே வழிகாட்டியது. ஆனால் அத்தகைய வசதி எல்லா ஊர்களிலும் இல்லை.

அரசின் கையில் உள்ள பேனா

புதிய சட்டத்தை மாற்றாமலேயே அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆபத்தான அல்லது உயிருக்கு அச்சுறுத்தலான வேலை என மத்திய அரசு அறிவிக்கை செய்யும் நிறுவனங்களுக்குத் தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. 20 பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் அதன் விதிகளை நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. மின் ரம்பமும் இழைப்பு இயந்திரமும் இயங்கும் பட்டறைகளை இந்த வகையில் சேர்க்க ஓர் அறிவிக்கை போதும்.

கூடவே, வீடுகளில் வேலை செய்யும் தச்சர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் முழுமையாகப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு 90 நாள் கட்டுமான வேலை செய்தவர் இதற்குத் தகுதி பெறுகிறார். மூடியும் பின்தகடும் இல்லாத மேசை ரம்பங்களை விற்கக் கூடாது எனத் தடுக்கலாம். சிறு தொழில் கடன் தரும் வங்கிகள், பாதுகாப்பு உறுப்புகளோடு கூடிய இயந்திரங்களுக்கே கடன் என்று நிபந்தனை விதிக்கலாம்.

ஆய்வாளர் தொல்லை பெருகும் என்ற சிறு முதலாளிகளின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்டனைக்கு முன் பயிற்சியும் மானியமும் தருவதே அதற்கு விடை. பட்டறை சிறியது என்பதற்காக ஆபத்து சிறியதாகிவிடாது. பத்தொன்பது பேர் வேலை செய்யும் இடத்திலும் ரம்பம் அதே வேகத்தில்தான் சுழல்கிறது.