தையல் ஆறியும் ஆறாத பாதவலி

தையல் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. ஆனாலும் பாதத்தை ஊன்றினால் உயிர் போகிறது. மலேசியாவின் நீலாய், பத்தாங் பெனார், லாபு வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் நின்றே பிழைத்தவர்களுக்கு இது பெருங்கொடுமை. "டாக்டரே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரு, இன்னும் ஏன் நொண்டுறீங்க?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். அப்படிக் கேட்கக் கூடாது. அந்த வலி மெய்.

அறுவைச் சிகிச்சை முடிந்து 3 மாதம் தாண்டியும் நீடிக்கும் வலிக்கு, 2022-இல் நடப்புக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடே உண்டு. பாதத்தில் தோலுக்குச் சற்று அடியில் ஓடும் மெல்லிய நரம்புகள் கத்தி படும்போது அறுபடலாம், தழும்பில் சிக்கலாம். இன்னொரு காரணம் முதுகுத்தண்டில் இருக்கிறது. வலிச் செய்தி ஓயாமல் வந்தால் அங்குள்ள நரம்பணுக்கள் அளவுமீறிக் கூர்மையடைகின்றன. கிளிஃபர்டு உல்ஃப் 1983-இல் எலிகளிடம் இதைக் காட்டினார். கோயில் ஒலிபெருக்கியில் சத்தத்தை ஏற்றிவிட்டு இறக்க மறந்த மாதிரிதான். புண் ஆறிய பிறகும் காலுறை உரசினாலே சுடும்.

ஆகவே, வலிக்கும்போதெல்லாம் கால் கெட்டுப்போகிறது என்று பொருளில்லை. இதை நம்புவதுதான் கடினம். பயந்து காலைத் தூக்கியே வைத்திருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், வலி கூடும். நம்மவர்களிடம் இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் முடித்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் படுத்துவிடுவார்கள். 10 நிமிடம் நிற்க முடிகிறவர் 8 நிமிடத்தோடு உட்காரட்டும். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே அளவு. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

சிலாங்கூரின் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசா குழுவினர் 2002-இல் தொடங்கிய 'மெனாங்' பயிற்சியின் சாரமும் ஏறக்குறைய இதுவே. இரண்டு வாரம் உடற்பயிற்சி, தளர்வுப் பயிற்சி, வலி பற்றிய அச்சத்தைக் கையாளும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 2012-இல் வெளியான அவர்களின் ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நிலைத்திருந்தது தெரிந்தது. வலி முற்றாகப் போகாவிட்டாலும் வாழ்க்கை மீண்டது. எனக்கு இதுவே பெரிய வெற்றியாகப் படுகிறது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் மட்டும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களிடமே அதிகம். அந்நோயால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. அவற்றை டாக்டர் எழுதித் தரட்டும்.

காய்ச்சல், சீழ், திடீரெனப் பாதம் வீங்கி நிறம் மாறுதல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சு வாங்குதல் இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி 3 மாதமாகியும் வலி விடவில்லையென்றால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம். வலி சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தரும்படி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.