பிரேக் காணாமல் போகும் மூளை!

கண் நீர் அழுத்த நோய்க்கு பைலோகார்பின்னு ஒரு சொட்டு மருந்து உண்டு. பிரேசில்ல வளர்ற ஒரு செடியோட இலையிலிருந்து வந்தது. கண்ணுக்கு நல்லதுதான். ஆனா, முந்தின நாளே லித்தியம் கொடுத்து வெச்ச எலிக்கு இதையே ஊசியில் ஏற்றினால்..? கொஞ்ச நேரத்தில் வலிப்பு. அதுவும் நிற்காமல்! (பாவம்தான் அந்த எலிகள். அதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.)

உங்க மூளையில் ஆக்ஸிலரேட்டர், பிரேக் ரெண்டும் உண்டு. குளூட்டமேட் என்ற ரசாயனம் ஆக்ஸிலரேட்டர். 'காபா' பிரேக். பைலோகார்பின் நரம்பு செல்களை உசுப்பிவிட்டு வலிப்பைப் பற்ற வைக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அப்புறம் அதை இழுத்துக்கிட்டுப் போவது குளூட்டமேட்.

சரி, பிரேக் என்ன ஆச்சு? காபா வந்து உட்கார, செல்லின் மேற்பரப்பில் ரிசப்டார்கள் இருக்கு. நாற்காலிகள் மாதிரி. வலிப்பு நீள நீள, செல் அந்த நாற்காலிகளை உள்ளே இழுத்துக்குது! 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் எலிகளில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மணி நேர வலிப்புக்குப் பிறகு, நரம்பு இணைப்பில் மிஞ்சியவை கிட்டத்தட்ட பாதிதான். காபா இருக்கு, உட்கார இடம் இல்லை.

இதில் சிக்கல் என்னன்னா, அவசரத்துக்குப் போடுகிற டயாசிபாம் ஊசியும் அந்த நாற்காலிகளை நம்பித்தான் வேலை செய்யுது. 1997-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று: வலிப்பு தொடங்கி 10 நிமிஷத்தில் கொடுத்தால் கொஞ்சம் மருந்தே போதும். 45 நிமிஷம் கழித்து? கிட்டத்தட்ட 10 மடங்கு! அதே எலி, அதே மருந்து. கடிகாரம் மட்டும்தான் நகர்ந்திருக்கு.

மனிதர்களுக்கு 5 நிமிஷம் தாண்டினாலே அவசர நிலை என்று டாக்டர்கள் வைத்திருப்பதில், இந்த மாதிரி எலிக் கணக்குகளுக்கும் பங்கு உண்டு. அதனால ஹாஸ்டல்ல யாருக்காவது வலிப்பு வந்தா, முதலில் மணியைப் பாருங்க. சுற்றியிருக்கிற பொருட்களை நகர்த்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். 5 நிமிஷம் ஆகியும் நிற்கலையா, 108.

அப்போ அந்தச் சாவிக்கொத்து? இரும்பு செல்லுக்குள்ளே போய் ரிசப்டாரை இழுத்துட்டு வராது பாஸ்! பெரும்பாலான வலிப்பு ரெண்டு, மூணு நிமிஷத்தில் தானாகவே நின்னுடும். பேர் மட்டும் சாவிக்கு!