விளக்கு மஞ்சளாக எரிந்தால் எந்தத் தட்டை உருவுவது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள். கணினிக்கூடத்தின் மூலையில் இருந்த சேமிப்புப் பெட்டி விடாமல் ‘பீப்’ ஒலி எழுப்பிக் கொண்டிருந்தது. அதில் நான்கு வன்தட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்க்குகள் உண்டு. மாணவர்களின் ஆய்வறிக்கைகள் அனைத்தும் அதில்தான் இருந்தன. திரையில் ‘டிஸ்க் 2 பழுது’ என்று வந்திருந்தது. புதிய தட்டு ஒன்று அலமாரியில் தயாராக இருந்ததால், இடமிருந்து இரண்டாவது தட்டை உருவினேன். மறுகணம் எல்லாக் கோப்புகளும் மறைந்துவிட்டன.

மாலையில் வந்த பழுதுபார்ப்பாளர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இது சுழியத்திலிருந்து எண்ணும். 0, 1, 2. பழுதானது மூன்றாவது தட்டு. நல்ல தட்டை உருவிட்டீங்க.” மூன்றாவது தட்டின் மேல் மஞ்சள் விளக்கு எரிந்து கொண்டுதான் இருந்தது. நான்தான் அதைப் பார்க்கவில்லை. அவர் எவ்வளவோ முயன்றும் கோப்புகள் திரும்பவில்லை. கைவசம் இருந்த நகல் மூன்று வாரம் பழையது. அதற்குப் பின் எழுதிய அறிக்கைகளைப் படிவம் 4 மாணவர்கள் மீண்டும் எழுத நேர்ந்தது.

ஒரு தட்டு பழுதாகியும் அதுவரை கோப்புகள் பத்திரமாக இருந்தது எப்படி? இரண்டாவது போனதும் எல்லாம் போனது ஏன்? விடை எளிய கணக்கில் இருக்கிறது.

மூன்று தட்டுகளில் 5, 8, 2 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 15-ஐ எழுதி வைக்கிறோம். 8 உள்ள தட்டு பழுதானால் கவலையில்லை: 15 − 5 − 2 = 8. ஆனால் 5-ம் சேர்ந்து தொலைந்தால்? ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். தீர்வு கிடைக்காது. கணினி கூட்டலுக்குப் பதிலாக ‘எக்ஸ்-ஆர்’ என்ற இருமக் கணக்கைச் செய்கிறது, தத்துவம் ஒன்றுதான். 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய தட்டுத் தொகுதிகளுக்கு ‘ரெய்டு’ என்று பெயரிட்டனர். மேலே சொன்ன முறை ரெய்டு 5. இரண்டு தட்டுகளின் இழப்பைத் தாங்குவது ரெய்டு 6.

ஆகவே ரெய்டு 5 பெட்டியில் ஒரு தட்டு பழுதான நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அப்போது செய்ய வேண்டியவை இவை.

முதலில், எதையும் தொடாமல் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். அடுத்து, திரையில் வரும் தொடர் எண்ணையும், தட்டின் மேலுள்ள விளக்கையும் ஒப்பிடுங்கள். இடத்தின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மூன்றாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதிய தட்டின் கொள்ளளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

புதிய தட்டு நிரம்பக் காத்திருக்க வேண்டும். 8 டெராபைட் தட்டில் நொடிக்கு 200 மெகாபைட் எழுதினாலும் 40,000 நொடி ஆகும். அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல். அதற்கிடையே இன்னொரு தட்டு போனால் கதை முடிந்தது.

தட்டு பழுதாகப் போவதை முன்பே அறியலாமா? ஓரளவுக்கு அறியலாம். கூகுள் நிறுவனம் தனது ஒரு லட்சத்துக்கும் அதிகமான தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் வருடல் பிழை தோன்றிய தட்டு அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத தட்டைவிட 39 மடங்கு அதிகம். ஆனால் பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள்; வராததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று தட்டுகள் பழுது என்று காட்டினால், தட்டுகளைக் குறை சொல்லும் முன் அவற்றுக்குப் பொதுவானதைச் சந்தேகியுங்கள்: மின்வழங்கி, கேபிள், கட்டுப்பாட்டு அட்டை. அவசரப்பட்டுப் புதிதாக ‘ஃபார்மட்’ செய்தால், மீட்கக்கூடிய தகவலும் அழிந்துவிடும்.

பெரிய பெட்டிகளில் பவர் சப்ளை எனும் மின்வழங்கி இரண்டு இருக்கும். ஒன்றின் விளக்கு அணைந்திருந்தால், முதலில் சுவரிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். யாராவது தெரியாமல் அணைத்திருக்கலாம். பிறகு வேறொரு நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும் மின்வழங்கியின் கேபிளைப் பிடுங்க வேண்டாம். அப்படியும் எரியாவிட்டால், அதே வகை மின்வழங்கியை மாற்றுங்கள். பழையதைத் திறக்க வேண்டாம். அதிலுள்ள மின்தேக்கிகள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும். இந்த மின்தேக்கிகளுக்கு வெப்பம் பகை. 10 பாகை செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. குளிரூட்டி அணைக்கப்பட்ட அறை நம் ஊர் வெப்பத்தில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பள்ளிப் பெட்டிக்கும் இரண்டு மின்வழங்கிகள். இரண்டு கேபிள்களும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்ததை அன்றுதான் கவனித்தோம். பலகை பழுதானால் இரண்டும் போகும். இப்போது ஒன்று யுபிஎஸ்ஸிலும், மற்றொன்று வேறு சுற்றிலும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. ரெய்டு என்பது நகல் அன்று. தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒரே நேரத்தில் அழியும். எங்கள் பள்ளியில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நகலெடுத்து வேறு கட்டடத்தில் வைக்கிறோம். தட்டுகளின் மேல் 0, 1, 2, 3 என்று பெரிதாக எழுதிய ஒட்டுத்தாளும் உண்டு. அதை ஒட்டியவர்கள், அறிக்கையை இரண்டாம் முறை எழுதிய அதே மாணவர்கள்தாம்.